ஜேம்ஸ் மெக்கென்ஸி: ஒழுங்கற்ற நாடியின் பொருளைத் தேடிய பொது மருத்துவர்

எண்பது வயதைத் தாண்டிய ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தால் சில வேளைகளில் அது சீராக இராது. இரண்டு துடிப்புகள் விரைந்து வரும். மூன்றாவது தாமதிக்கும். ஒன்று விரலுக்கு எட்டாமலே போகும். அடுத்தது ஓங்கி அடிக்கும். எந்தத் தாளக் கணக்கிலும் அடங்காத இந்தத் துடிப்பை மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். இதயத்தின் மேலறைகள் ஒன்றுசேர்ந்து சுருங்குவதை விட்டு, வெறுமே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை அது. தமிழில் மேலறை நடுக்கம் என்று சொல்லலாம். எண்பதைக் கடந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது உண்டு.

வீட்டில் வயது முதிர்ந்த பெற்றோர் ஒருவருக்கு இது இருப்பதாகத் தெரியவந்ததும் பிள்ளைகள் மனத்தில் எழும் கேள்விகள் எங்கும் ஒன்றுதான். இது உயிருக்கு ஆபத்தா? துடிப்பை எப்படியாவது சீராக்கியே தீர வேண்டுமா? இந்த வயதில் இத்தனை மாத்திரைகள் தேவையா? அல்லது, வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடலாமா?

இக்கேள்விகளுக்கு ஒழுங்கான முறையில் விடை தேடிய முதல் மனிதர்களில் ஒருவர், பெரிய மருத்துவமனையின் பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைகள் நிறைந்த ஒரு நகரத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று வைத்தியம் பார்த்த ஸ்காட்லாந்துக்காரர். அவர் பெயர் ஜேம்ஸ் மெக்கென்ஸி. நூற்றாண்டுக்கு முன் மறைந்த அவருடைய வாழ்க்கையை அறிந்துகொண்டால், இன்று முதியோரின் இதயத் துடிப்பை மருத்துவர்கள் ஏன் இப்படிக் கையாள்கிறார்கள் என்பது நன்றாக விளங்கும்.

பண்ணை வீட்டிலிருந்து பர்ன்லிக்கு

ஸ்காட்லாந்தில் பெர்த் நகருக்கு அருகிலுள்ள ஸ்கோன் என்னும் ஊரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் மெக்கென்ஸி பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவர் பெரிதாகச் சோபிக்கவில்லை. பதினைந்து வயதை ஒட்டிப் பள்ளியை விட்டு, பெர்த்தில் ஒரு மருந்துக் கடையில் தொழில் கற்கச் சேர்ந்தார். மருத்துவர்கள் எழுதி அனுப்பும் சீட்டைப் பார்த்து மருந்து கலந்து கொடுப்பதே அவர் வேலை. அந்த மருந்துகள் உண்மையில் என்ன செய்கின்றன, யாருக்குச் செய்கின்றன என்ற கேள்வி பிற்காலத்தில் அவரை விடாமல் தொடர்ந்ததற்கு இந்தக் கடை வாழ்க்கையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

அத்தொழிலிலேயே நிலைபெற வாய்ப்பு வந்தபோதும் அதை விடுத்து, 1874-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். 1878-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு, லங்காஷயர் மாவட்டத்தின் பர்ன்லி நகரில் ஏற்கெனவே நடந்துவந்த ஒரு பொது மருத்துவக் கூட்டில் உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் பங்காளியானார். பர்ன்லி நெசவாலைகளின் ஊர். கரிப்புகையும் ஈரமும் நெரிசலான தொழிலாளர் வீடுகளும் அங்கே சாதாரணம். சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் கண்டு, இதய வால்வு பழுதுபட்டு, ஆண்டுகள் கழித்து மூச்சுத் திணறலுடன் வருவோர் ஏராளம். பகலெல்லாம் நோயாளிகள், இரவில் பிரசவங்கள். ஆராய்ச்சிக்கு ஏற்ற இடம் என்று அந்தக் காலத்தில் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு பிரசவ மரணம்

பர்ன்லிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், இதயக் கோளாறு உள்ள ஓர் இளம் பெண்ணின் பிரசவத்தை மெக்கென்ஸி பார்க்க நேர்ந்தது. அவள் பிரசவ வேளையிலேயே இதயம் தளர்ந்து இறந்துபோனாள். இந்த ஆபத்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா என்ற எண்ணம் அவரை வருத்தியது. நூல்களைப் புரட்டினார். எந்த இதயம் பிரசவத்தைத் தாங்கும், எது தாங்காது என்று சொல்லக்கூடிய உறுதியான அறிவு எங்கும் இல்லை என்பதைக் கண்டார்.

அந்நாளில் மருத்துவர்கள் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இதயத்தின் முணுமுணுப்பு ஒலிகளைக் கேட்பதில் தேர்ந்திருந்தார்கள். நாடியில் ஒழுங்கின்மை இருந்தால் அதையும் குறித்துக்கொண்டார்கள். ஆனால் இவை நோயாளியின் வருங்காலத்தைப் பற்றி என்ன சொல்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தை அச்சம் நிரப்பிற்று. நாடி சற்றே தடுமாறினாலும் இதயம் பலவீனம் என்று முத்திரை குத்தினார்கள். வேலை செய்யக்கூடாது, விளையாடக்கூடாது, படுக்கையை விட்டு எழக்கூடாது என்று விதித்தார்கள். நலமாக இருந்த எத்தனையோ பேர் இப்படி நோயாளிகளாக ஆக்கப்பட்டார்கள்.

இதற்கு ஒரே வழி, ஒவ்வொரு நோயாளியின் நாடியையும் பதிவு செய்து, அவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, அவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் என்று மெக்கென்ஸி முடிவு செய்தார். பெரிய மருத்துவமனையில் இருப்பவரால் இதைச் செய்ய முடியாது. அங்கே நோயாளி சில வாரம் இருந்து போய்விடுவார். ஒரே ஊரில், ஒரே குடும்பங்களைத் தலைமுறையாகப் பார்க்கும் பொது மருத்துவரால் மட்டுமே முடியும். தம் தொழிலின் சிறுமையாக மற்றவர்கள் நினைத்ததையே அவர் தம் பலமாக ஆக்கிக்கொண்டார்.

மை எழுதும் கருவி

மணிக்கட்டு நாடியைப் பதிவு செய்யும் கருவிகள் அப்போதே இருந்தன. ஆனால் மணிக்கட்டில் தெரிவது கீழறையின் வேலை மட்டுமே. மேலறை என்ன செய்கிறது என்பதற்கு அங்கே சாட்சி இல்லை. கழுத்தில் ஓடும் சிரையைப் பார்த்தால் அதில் மெல்லிய அலைகள் எழுந்து விழுவது தெரியும். வலது மேலறையின் அசைவுகளே அந்த அலைகளாக மேலேறி வருகின்றன. இந்த இரண்டையும் ஒரே சமயத்தில், ஒரே காகிதத்தில் பதிவு செய்தால் மேலறையும் கீழறையும் எந்த வரிசையில் இயங்குகின்றன என்பது கண்ணுக்குத் தெரியும்.

அதற்காக அவர் ஒரு கருவியை அமைத்தார். சிறு கிண்ணம் ஒன்றைக் கழுத்துச் சிரையின் மேல் வைத்தால், அலையின் அழுத்தம் ரப்பர்க் குழாய் வழியாகச் சென்று ஒரு மெல்லிய நெம்புகோலை அசைக்கும். மற்றொரு நெம்புகோல் மணிக்கட்டின் நாடிக்கு அசையும். பாலிகிராஃப் எனப்பட்ட இக்கருவியின் முதல் வடிவம் 1890-களின் தொடக்கத்தில் உருவாயிற்று. புகை பூசிய காகிதத்தில் கீறும் முறை தொல்லையாக இருந்ததால், பின்னர் ஷா என்னும் லங்காஷயர் கடிகாரக்காரரின் உதவியோடு, நீண்ட காகிதச் சுருளில் மையால் எழுதும் பாலிகிராஃபை உருவாக்கினார். பையில் எடுத்துச் செல்லக்கூடியது. நோயாளியின் படுக்கை அருகிலேயே வைத்து எழுதவிடலாம்.

சிரை அலைகளுக்கு ஏ, சி, வி என்று அவர் இட்ட எழுத்துகளை மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அவற்றில் ஏ அலை மேலறை சுருங்குவதால் எழுவது. இந்த ஓர் அலைதான் அவருடைய வாழ்வின் பெரிய கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியது.

மூன்று வகை ஒழுங்கின்மை

ஆண்டுகள் செல்லச் செல்லப் பதிவுகள் குவிந்தன. நாடி ஒழுங்கின்மை என்பது ஒரே நோயன்று, வேறு வேறு காரணமும் வேறு வேறு முடிவும் கொண்ட பல நிலைகள் என்பது தெளிவாயிற்று. அவற்றை அவர் மூன்றாகப் பிரித்தார்.

முதலாவது, இளையோரிடம் காணப்படுவது. மூச்சை இழுக்கும்போது துடிப்பு விரைந்து, விடும்போது தணியும். இது நோயே அன்று. இரண்டாவது, பெரியவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது. இடையில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, அதன் பின் ஒரு நீண்ட இடைவெளி விழும். நெஞ்சு ஒரு கணம் நின்று அடித்ததுபோல் தோன்றும். இத்தகையோரை மெக்கென்ஸி பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார். இதயத்தில் வேறு கோளாறு இல்லாத பெரும்பாலோருக்கு இதனால் ஒரு கெடுதியும் வரவில்லை. அவர்கள் உழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், முதுமை எய்தினார்கள். தேவையற்ற படுக்கையிலிருந்து எண்ணற்றோரை எழுப்பிவிட்டது இந்த ஒரு செய்தி.

மூன்றாவது வகை, எந்த வரிசையும் இல்லாமல் துடிப்பது. இது தொடங்கினால் பெரும்பாலும் நீங்குவதில்லை. இதயத் தளர்ச்சியும் கால் வீக்கமும் மூச்சுத் திணறலும் இதைத் தொடர்ந்து வருவதை அவர் கண்டார். இரண்டு வகை மனிதர்களிடம் இது மிகுதியாக இருந்தது. ஒன்று, ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதடைந்தவர்கள். மற்றொன்று, வால்வு நன்றாக இருந்தும் வயது முதிர்ந்தவர்கள்.

காணாமற்போன அலை

மூன்றாவது வகையின் உட்பொருள் ஒரு பெண் நோயாளியின் மூலம் வெளிப்பட்டது. ருமாட்டிக் காய்ச்சலால் அவளுடைய ஈரிதழ் வால்வு சுருங்கியிருந்தது. அவளைப் பல ஆண்டுகளாக மெக்கென்ஸி பார்த்து வந்தார். வால்வு சுருங்கியவர்களிடம், மேலறை சுருங்கும் கணத்தில் எழும் ஒரு தனி முணுமுணுப்பு ஒலி கேட்கும். அவளிடமும் அது இருந்தது. கழுத்துச் சிரையில் ஏ அலையும் ஒழுங்காக இருந்தது. 1890-களின் பிற்பகுதியில் ஒருநாள் அவளுடைய நாடி திடீரெனத் தாறுமாறாயிற்று. பதிவைப் பார்த்தால் ஏ அலை காணவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் அந்த முணுமுணுப்பும் இல்லை.

இரண்டு சாட்சிகளும் ஒன்றையே சொல்லின. மேலறை தன் வேலையை நிறுத்திவிட்டது. அதே பெண்ணை அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் பார்த்திராத ஒருவருக்கு, அங்கே ஒன்று மறைந்துபோயிருக்கிறது என்பதே தெரிந்திருக்காது.

பர்ன்லியில் திரட்டிய இத்தனையையும் 1902-இல் நாடியைப் பற்றிய ஒரு பெருநூலாக மெக்கென்ஸி வெளியிட்டார். ஐரோப்பாவின் ஆய்வாளர்கள் அதைக் கவனித்துப் படித்தார்கள். ஹாலந்தின் வென்கெபாக் போன்றோர் அவருடன் தொடர்பு கொண்டனர். சொந்த நாட்டின் பெரிய மருத்துவர்கள்தாம் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

விளக்கம் மாறிய கதை

கண்டது சரி. அதற்குச் சொன்ன விளக்கம் சரியாக அமையவில்லை. மேலறை செயலிழந்துவிட்டது என்று முதலில் அவர் கருதினார். ஆனால் இறந்துபோன நோயாளிகளின் இதயத்தைத் திறந்து பார்த்தபோது மேலறைச் சுவர் மெலியாமல் தடித்தே இருந்தது. செயலற்ற தசை தடிக்காது. ஆகவே மேலறையும் கீழறையும் ஒரே நேரத்தில், இரண்டுக்கும் இடையிலுள்ள கணுவிலிருந்து தூண்டப்பட்டுச் சுருங்குகின்றன என்று விளக்கத்தை மாற்றினார். இந்தத் தேடலில் அவர் தம் நோயாளிகளின் இதயங்களை உடற்கூற்றியலாளர் ஆர்தர் கீத்துக்கு அனுப்பினார். கீத்தும் அவருடைய மாணவர் மார்ட்டின் ஃபிளாக்கும் இதயத் துடிப்பு தொடங்கும் கணுவை 1907-இல் கண்டறிந்ததற்கு இந்தத் தொடர்பு ஒரு தூண்டுகோல்.

இதற்கிடையில் ஹாலந்தில் எய்ந்தோவன் இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் எலெக்ட்ரோகார்டியோகிராம் கருவியை அமைத்திருந்தார். மருந்தியல் அறிஞர் ஆர்தர் குஷ்னி, விலங்குகளின் மேலறை நடுங்கும்போது காணும் துடிப்பும் இந்நோயாளிகளின் துடிப்பும் ஒத்திருப்பதைச் சுட்டினார். மெக்கென்ஸியின் ஊக்கத்தால் இத்துறைக்கு வந்த இளைஞர் தாமஸ் லூயிஸ், இந்நாடியின் காரணம் மேலறை நடுக்கமே என்று 1909-இல் நிறுவினார். வியன்னாவில் ரோத்பெர்கர், வின்டர்பெர்க் இருவரும் அதே ஆண்டில் அதே முடிவுக்கு வந்தனர். மேலறை சுருங்காமலும் இல்லை, ஓய்ந்தும் இல்லை. அதன் தசை நார்கள் ஒவ்வொன்றும் தன்போக்கில் துடித்துக்கொண்டிருந்தன.

தம்மைவிட ஏறத்தாழ முப்பது வயது இளையவரின் முடிவை மெக்கென்ஸி ஏற்றார். 1908-இல் வெளியான தம் இதயநோய் நூலில் எழுதியதைப் பின்வந்த பதிப்பில் திருத்தினார்.

பழைய மருந்துக்குப் புதிய கணக்கு

ஊதா நிற மணிகள்போல் பூக்கும் ஃபாக்ஸ்க்ளவ் என்னும் செடியின் இலையிலிருந்து எடுப்பது டிஜிடாலிஸ். நீர்க்கோவைக்கு அது பயன்படும் என்று பர்மிங்ஹாம் மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-இலேயே நூல் எழுதியிருந்தார். சிலருக்கு அமுதம்போல் வேலை செய்த அம்மருந்து, வேறு சிலருக்கு ஒன்றும் செய்யவில்லை. காரணம் தெரியாமல் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தது.

மெக்கென்ஸியின் பதிவுகள் இப்புதிருக்கு விடை தந்தன. தாறுமாறாக, விரைவாகத் துடிக்கும் மூன்றாம் வகையினருக்கே டிஜிடாலிஸ் மிக நன்றாக வேலை செய்தது. நடுங்கும் மேலறையிலிருந்து ஓயாமல் பாயும் தூண்டல்களை, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வாயிலில் அது கட்டுப்படுத்துகிறது. கீழறை நிதானமடைகிறது. நாடி ஒழுங்காவதில்லை. ஆனால் வேகம் தணிகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன் இதயம் நிரம்ப நேரம் கிடைக்கிறது. மூச்சுத் திணறல் குறைந்து, வீக்கம் வற்றி, நோயாளி எழுந்து நடக்கிறார்.

துடிப்பின் ஒழுங்கின்மை அப்படியே இருக்க, மனிதர் நலமடைய முடியும் என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. அளவையும் அவர் எல்லோருக்கும் ஒன்றாக வைக்கவில்லை. குமட்டல் வரும் வரையோ நாடி போதிய அளவு தணியும் வரையோ கொடுத்து, பின் நிறுத்தி, அந்த மனிதருக்குப் போதுமான சிறிய அளவில் தொடர்ந்தார்.

இதயத்தின் திறனை எப்படி அறிவது என்பதிலும் அவருக்குத் தனி வழி இருந்தது. ஒலியும் பதிவும் ஒருபுறம் இருக்க, இந்த மனிதரால் என்ன செய்ய முடிகிறது என்று கேட்டார். சென்ற ஆண்டு ஏறிய மேட்டை இன்று ஏற முடிகிறதா, எந்த வேலையில் மூச்சு முட்டுகிறது, எவ்வளவு நேரத்தில் களைப்பு தீர்கிறது? இதயம் தளர்வதன் முதல் அடையாளம் நோயாளியின் சொந்த உணர்வில்தான் தெரியும் என்பது அவர் கொள்கை.

லண்டனும் போரும்

1907-இல், ஐம்பத்து நான்கு வயதில், மெக்கென்ஸி பர்ன்லியை விட்டு லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். மாகாணத்து வைத்தியர் ஒருவர் தலைநகரில் இதய நிபுணராக அமர்வதை எளிதில் யாரும் ஏற்கவில்லை. தொடக்கத்தில் நோயாளிகள் அதிகம் வரவில்லை. நூல் வெளிவந்தபின் நிலைமை மாறிற்று. 1913-இல் லண்டன் ஹாஸ்பிட்டல் என்னும் மருத்துவமனையில் இதயப் பிரிவு அவர் பொறுப்பில் அமைந்தது. 1915-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு சர் பட்டமும் கிடைத்தது.

முதல் உலகப்போரில், இதயக் கோளாறு என்ற பெயரில் ஆயிரக்கணக்கான போர்வீரர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு இதயத்தில் நோயே இல்லை என்பதை மெக்கென்ஸியும் லூயிஸும் அவர்கள் தோழர்களும் காட்டினார்கள். முணுமுணுப்பு ஒலியையோ துடிப்பின் தடுமாற்றத்தையோ மட்டும் கண்டு தீர்ப்பெழுதும் பழைய பிழையை இம்முறை ஒரு படையளவில் அவர் எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது.

செயின்ட் ஆண்ட்ரூஸ்

புகழும் வருவாயும் உச்சத்தில் இருந்தபோது, 1918-இல் லண்டனை விட்டு விலகி, ஸ்காட்லாந்தின் கடலோரச் சிறு நகரமான செயின்ட் ஆண்ட்ரூஸுக்குச் சென்றார். கருவிகளும் ஆய்வுக்கூடங்களும் பெருகப் பெருக, மருத்துவர்கள் முற்றிய நோயை மட்டுமே பார்க்கிறார்கள், நோய் தொடங்கும் இடத்தைப் பார்ப்பதில்லை என்ற கவலை அவருக்கு இருந்தது. நோயின் தொடக்கத்தைப் பார்ப்பவர் பொது மருத்துவரே. ஆகவே ஊரிலுள்ள பொது மருத்துவர்கள் கூடி, தம் நோயாளிகளைப் பதிவு செய்து பல்லாண்டுகள் பின்தொடரும் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை 1919-இல் அங்கே தொடங்கினார். பாலிகிராஃபை உருவாக்கியவரே கருவியின் மேல் வைக்கும் அளவுகடந்த நம்பிக்கையைக் கண்டித்தது சிலருக்கு வியப்பாக இருந்தது. எலெக்ட்ரோகார்டியோகிராமின் அருமையை அவர் குறைத்தே மதிப்பிட்டார் என்ற குறையும் சொல்லப்பட்டது. அதில் நியாயம் உண்டு.

நிலையம் அவர் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவும் இல்லை. அந்த எண்ணம் மட்டும் அழியவில்லை.

மெக்கென்ஸிக்கே பல ஆண்டுகளாக மார்வலி இருந்தது. மார்வலியைப் பற்றி 1923-இல் அவர் எழுதிய நூலில், பெயர் சொல்லாமல் தம் நோயையும் மற்ற நோயாளிகளின் வரலாறுகளோடு சேர்த்து எழுதினார். நோய் முற்றியதால் செயின்ட் ஆண்ட்ரூஸை விட்டு லண்டனுக்குத் திரும்பினார். 1925-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள், எழுபத்தொன்றாம் வயதில் காலமானார். தாம் இறந்தபின் தம் இதயத்தை எடுத்து ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வாறே ஆராயப்பட்டது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் குறுகியிருந்தன. தசையில் பழைய தழும்புகள் இருந்தன. செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் அந்த இதயம் பாதுகாக்கப்பட்டது.

அவர் கேள்விகளும் இன்றைய முதியோரும்

மெக்கென்ஸி காலத்தில் அளந்தறிய முடியாத ஓர் ஆபத்து இருந்தது. நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கி உறைகிறது. அந்த உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். வால்வு நோய் இல்லாதவர்களிடமும் மேலறை நடுக்கம் பக்கவாத அபாயத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது என்பதை அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1978-இல் காட்டிற்று. அவரிடம் இதைத் தடுக்கும் மருந்தும் இல்லை. ஆகவே இன்று முதியவர் ஒருவருக்கு இந்நாடி இருப்பது தெரிந்தால், இரத்தம் உறையாமல் காப்பது எப்படி என்பதே முதல் கேள்வி. நாடி சற்றே தடுமாறினாலும் நோயாளி தொல்லை உணராதிருக்கலாம். ஆபத்து அதனால் குறைந்துவிடாது.

முதுமையில் இரத்தப்போக்குக்கு அஞ்சி, ஆஸ்பிரின் போதும் என்று விட்டுவிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது மருத்துவர்களின் நோயாளிகளைக் கொண்டு நடந்த பாஃப்டா ஆய்வு 2007-இல் அதற்கு விடை தந்தது. எழுபத்தைந்து வயதைக் கடந்த 973 பேர், சராசரி வயது 81. வார்ஃபரின் பெற்றவர்களில் பக்கவாதம் உள்ளிட்ட பெருங்கேடுகள் ஆண்டுக்கு 1.8 விழுக்காடு, ஆஸ்பிரின் பெற்றவர்களில் 3.8 விழுக்காடு. பெரும் இரத்தப்போக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மெக்கென்ஸி கனவு கண்ட வகை ஆராய்ச்சி இதுதான். ஜப்பானில் எண்பது வயதுக்கு மேற்பட்ட, வழக்கமான அளவு மருந்தைத் தாங்க முடியாதவர்களுக்கு எடோக்ஸபான் 15 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் வெகுவாகக் குறைந்தது என்று 2020-இல் வெளியிட்டார்கள்.

ஆயினும் புதியது எல்லோருக்கும் ஏற்றது என்று கொள்ள முடியாது. உடல் மிகத் தளர்ந்த முதியோரை, ஒத்துப்போய்க்கொண்டிருந்த வார்ஃபரின் வகையிலிருந்து புதிய மருந்துக்கு மாற்றியபோது இரத்தப்போக்கு கூடியது என்று நெதர்லாந்தின் ஓர் ஆய்வு 2023-இல் கண்டது. வயது ஒன்றை மட்டும் பார்த்து மருந்தை மறுப்பதும் தவறு, மாற்றுவதும் தவறு. ஆளைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, துடிப்பைச் சீராக்க வேண்டுமா என்பது. வட அமெரிக்காவில் 4060 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், ஒழுங்கை மீட்க முயல்வது வேகத்தை மட்டும் தணிப்பதைவிட ஆயுளைக் கூட்டவில்லை. நோய் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு ஒழுங்கை விரைவில் மீட்பது நன்மை தரும் என்று 2020-இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு காட்டியிருப்பதும் உண்மை. ஆனால் எண்பதைக் கடந்து, நெடுநாளாக இந்நாடியோடு வாழ்பவருக்கு வேகத்தைத் தணிப்பதே பெரும்பாலும் போதுமானது. 2020-இல் பர்மிங்ஹாமில் 160 பேரிடம், டிஜிடாலிஸின் வழிவந்த டிஜாக்சினைச் சிறு அளவில் கொடுத்து, இன்று பரவலாகப் பயன்படும் பிசோப்ரோலாலோடு ஒப்பிட்டார்கள். அளந்து பார்த்தது முதன்மையாக நோயாளிகளின் அன்றாட வாழ்வின் தரத்தை. ஆறு மாதத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. டிஜாக்சின் பெற்றவர்களுக்குப் பக்கவிளைவுகள் குறைவாக இருந்தன.

எச்சரிக்கையும் உண்டு. டிஜாக்சின் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. முதுமையில் சிறுநீரகம் தளர்வதால் அது உடலில் தேங்கி நஞ்சாகக்கூடும். பசியின்மை, குமட்டல், குழப்பம், காண்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். வயதானவர் சாப்பாட்டை வெறுத்தால் வயதின் குறை என்று எண்ணாமல், மருந்தின் அளவைப் பார்க்கும்படி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதேபோல் நாடி மிக மெதுவாகித் தலைசுற்றி விழுந்தாலும், கொடுக்கும் மருந்து மிகுதியா, பேஸ்மேக்கர் தேவையா என்று பார்க்க வேண்டும். எதுவாயினும் மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது.

மருத்துவரிடம் முதியவரை அழைத்துச் செல்பவர்கள் கையோடு கொண்டுபோக வேண்டியது, மாத்திரைப் பட்டியலோடு மெக்கென்ஸி கேட்ட விவரங்களும்தாம். சென்ற தீபாவளிக்கு மாடிப்படி ஏறியவர் இன்று எத்தனை படியில் நிற்கிறார்? குளித்து முடித்ததும் எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கிறது? எத்தனை முறை விழுந்தார்? எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்? இவற்றை எந்தக் கருவியும் சொல்லாது. கூட இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

பிரிட்டனின் பொது மருத்துவர் கல்லூரி ஆண்டுதோறும் நடத்தும் சிறப்புச் சொற்பொழிவு ஜேம்ஸ் மெக்கென்ஸியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அறைந்த கதவுகளுக்குள் கிடந்த எத்தனையோ பேரை எழுந்து நடக்கச் சொன்னவருக்கு அது தகுந்த மரியாதை. ஒரே மனிதரை நெடுநாள் பார்த்திருப்பவரின் கண்ணுக்கு மட்டுமே புலப்படும் உண்மைகள் உண்டு என்பதை அவர் வாழ்க்கை நமக்குச் சொல்கிறது.